ராணியின் கழுத்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு நடிக்க வராது. ஓட்டு வாங்கி ஜெயித்தவளுக்கா நடிக்க வராது என்று நீங்கள் சிரிக்கலாம், சிரித்துக்கொள்ளுங்கள். பள்ளிவாசல் என்கிற ஊருக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் பதினெட்டு வருஷம் கொழுந்து பறித்தேன். மூன்று மாதத்துக்கு முன்னால் வார்டு மெம்பர் ஆனேன். அது என் ஆசை இல்லை. பத்து வருஷமாகக் கட்சிக் கொடி கட்டி, போஸ்டர் ஒட்டி, எல்லார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாய்ப் போய் நின்று, மெம்பர் ஆகக் காத்திருந்தவர் என் வீட்டுக்காரர். கடைசி நேரத்தில் வார்டு பெண்களுக்கு என்று ஆகிவிட்டது. "பேருதான் ஒனக்கு, வேலையெல்லாம் எனக்கு" என்று சொல்லி என்னை நிறுத்தினார். நானும் தலையாட்டினேன்.

என் பேர் ஆனந்தி, அவர் பேர் வேல்முருகன். இப்போது எழுதிவிட்டேன், ஆனால் பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தப் பேரை வாயால் சொன்னதில்லை. எங்கள் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், எந்தப் பொம்பளையும் கட்டினவன் பேரைச் சொல்லமாட்டாள். வேட்புமனு கொடுக்கப் போனபோது மலையாளத்து ஆபீசர் பர்த்தாவின் பேர் என்ன என்று நாலு தடவை கேட்டார். நான் இவருடைய ஆதார் கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். பக்கத்தில் நின்ற இவருக்கு அப்படி ஒரு பெருமை. சாமி வந்து ஆடுகிறவள் மட்டும் எவனையும் 'ஏலே' என்று பேர் சொல்லிக் கூப்பிடுவாள், தன் புருஷனையும் சேர்த்து. அப்போது பேசுவது அவள் இல்லை, மாரியாத்தாள் என்று எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

பங்குனித் திருவிழாவுக்கு எங்கள் டிவிசனில் தாத்தன் காலத்திலிருந்து ஒரே நாடகம்தான். தலைப்பா நாடகம் என்போம். செம்பூரான் என்று ஒரு ராஜா. போர்க்களத்தில் பயந்துபோய் ஓடிவந்து அரண்மனை விறகறைக்குள் ஒளிந்துகொள்கிறான். அவன் பெண்டாட்டி வடிவுராணி அவனுடைய தலைப்பாகையைத் தன் தலையில் கட்டிக்கொண்டு போய்ச் சண்டையில் ஜெயித்துவிட்டு வருகிறாள். ஊரே அவளை ராஜா ராஜா என்று கும்பிடுகிறது. இவனுக்கு அது பொறுக்கவில்லை. அவளை முட்டிபோட வைத்து, தலைப்பாகையை உருவி, அதே துணியால் கழுத்தை நெரிக்கிறான். "வெற்றி யாருடையது?" என்று மூன்று தரம் கேட்பான். மூன்றாம் தரம் ராணி "உம்முடையது" என்று சொல்லிச் சாகவேண்டும். செத்த ராணிதான் எங்கள் ஆத்தாள் என்று நம்பிக்கை. அதனால் அந்த நிமிஷத்தில் கூட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் குலவை போடுவார்கள். அப்புறம் ராஜா சிம்மாசனத்தில் ஏறி உட்காருவான். கும்பிட ஒரு ஆள் வராது. தன்னையே குத்திக்கொண்டு சாவான்.

பதினாலு வருஷம் ராணி வேஷம் கட்டியவர் ஃபாக்டரி வண்டி ஓட்டும் சோலை அண்ணன். மீசையை எடுத்துவிட்டுப் பட்டுச்சேலை கட்டி அவர் நடந்து வந்தால் எங்களுக்கே பொறாமையாக இருக்கும். இந்த வருஷம் பைக்கிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். இளவட்டங்களைக் கேட்டுப் பார்த்தார்கள். "சேலை கட்டுன வீடியோ ஒண்ணு வெளிய போச்சுன்னா எனக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று லோகேஷ் ஓடியே போய்விட்டான். ராஜா வேஷத்துக்கு மட்டும் ஏழு பேர் நின்றார்கள்.

ஆர்மோனியம் வாசித்து நாடகத்தை நடத்துகிறவர் சூசையப்பன் வாத்தியார். அவர்தான் "மெம்பரே ராணியா நடிக்கட்டுமே" என்று எடுத்துக்கொடுத்தார். பொம்பளை மேடையேறலாமா என்று திருவிழாக் கமிட்டியில் ஒரு மணி நேரம் சண்டை. கழுத்தில் கைவைக்கிற கட்டம் இருக்கிறது, ஏறினால் கட்டினவனோடுதான் ஏறவேண்டும் என்று முடிவானது. என் வீட்டுக்காரர் எழுந்து "அப்ப நான்தான் ராஜா" என்றார். கைதட்டினார்கள். எனக்கும் அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

அதற்கு மறுநாள்தான் ஒரு கடிதம் வந்தது. எங்கள் ஐந்து லயத்துக்கும் தண்ணீர் வருவது மேலேயிருந்து இறங்கும் ஒரே ஓடையிலிருந்து. அதை வளைத்துத் தன் பக்கம் கொண்டுபோக ஒரு ரிசார்ட்காரன் பார்த்தான். வார்டுக்கு ஆட்சேபணை இல்லை என்று மெம்பர் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும், திங்கட்கிழமைப் பஞ்சாயத்துக் கமிட்டியில் வைத்துவிடலாம். நான் போட்டுக்கொடுப்பேன் என்று இவர் அவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். நான் படித்துப் பார்த்தேன். மாட்டேன் என்றேன். இவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆனால் ரிசார்ட்காரன் டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் "அப்ப ஒங்க வீட்ல பேண்ட்டு போடுறது யாருண்ணே?" என்று கேட்டானாம். கடையே சிரித்ததாம்.

இவர் என்னைக் கை நீட்டி அடித்ததே இல்லை. அன்று ராத்திரியும் அடிக்கவில்லை. சோறு நன்றாயிருக்கிறது என்றார். அதைக் கேட்டதும் நான் என் தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

ஒத்திகை சாயங்காலம் நாலு மணிக்கு, குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற கிரஷ் கட்டடத்தில். கழுத்தை நெரிக்கிற கட்டத்துக்கு ஒரு முறை உண்டு. துணியை ஒரே ஒரு சுற்று போட்டு, ராஜா நுனியைத் தன் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்வார். இழுப்பதுபோலத் தெரியும், இறுகாது. அதற்கும் மேலே ராணி இரண்டு விரலைத் துணிக்குள் கொடுத்து வைத்திருப்பாள். முதல் நாள் அப்படித்தான் நடந்தது. இரண்டாம் நாள் இரண்டு சுற்று சுற்றினார். மூன்றாம் நாள் துணி இறுகும்போது என் காதோரம் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காமல், "கையெழுத்துப் போடுவியாடி?" என்றார்.

நான் திமிறினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் விசில் அடித்தார்கள். "என்னா நடிப்பு! சோலையெல்லாம் பிச்சை வாங்கணும்யா" என்றார்கள். சோலை அண்ணன் மட்டும் கட்டுப்போட்ட காலை நீட்டி மூலையில் உட்கார்ந்து, கைதட்டாமல் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு தினமும் அதே கேள்விதான். வீட்டில் அந்தப் பேச்சே எடுக்கமாட்டார். டீ போட்டுக் கொடுப்பார், கால் வலிக்கிறதா என்று கேட்பார். துணி கழுத்தில் விழுந்தால் மட்டும் கேட்பார். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலாக இழுப்பார். அடித்தால் அடித்தான் என்று சொல்லலாம். இதை எந்த வாயால் சொல்ல? எனக்கு ராத்திரி தூக்கம் போனது. எச்சில் முழுங்கினால் வலித்தது. பயம் என்றால் என்ன என்று அந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன். யானைக்கு முன்னால் மாட்டியிருக்கிறேன், அதெல்லாம் ஒன்றுமே இல்லை.

சொல்லாமல் இருக்கவில்லை, சொல்லிப் பார்த்தேன். சூசையப்பன் வாத்தியாரிடம் போய், நிஜமாகவே இறுக்குகிறார் என்றேன். "புருசன் பொண்டாட்டி சேர்ந்து நடிச்சா அப்படித்தாம்மா உசிரா இருக்கும். கர்த்தர் கிருபையில நாடகம் தூக்கிருச்சு" என்று சிரித்தார். மகள் ஆர்த்தி கொல்லங்கோட்டில் என் அக்கா வீட்டில் தங்கி நர்சிங் படிக்கிறாள். அவளுக்குப் போன் போட்டேன். நான் வாய் திறக்கும் முன்னால் அவளே, "அப்பா பாவம்மா, அழுதாங்க. ஒரு கையெழுத்துதான, போட்டுக் குடுத்துருங்களேன்" என்றாள். "சரி, நீ படி" என்று போனை வைத்துவிட்டேன்.

பைப்படியில் பக்கத்து வீட்டு ராமுத்தாய் அக்கா என் கழுத்தைப் பார்த்துவிட்டாள். ஐம்பத்தஞ்சு வயது, இன்னும் கொழுந்து பறிக்கிறாள், குலவைக்கு அவள்தான் எடுப்பு.

"என்னட்டி இது, செவப்பா?"

"நாடகம்க்கா."

"நாடகம் இப்புடியா கடிக்கும்?" என்று கேட்டாள். பின்னால் இவர் குடத்தோடு வந்துகொண்டிருந்தார். நான் தண்ணீரைப் பிடித்தேன்.

நடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்பீர்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் மழையால் நாடகம் நின்றது. அந்த வருஷம் இரண்டு பேரை யானை அடித்தது. நாடகத்தை நிறுத்தின மெம்பர் என்று பேர் வாங்கிக்கொண்டு எங்கள் லயத்தில் நான் குடியிருக்க முடியுமா? யானை இறங்குகிறது என்று இந்த வருஷம் வனத்துறை ராத்திரி நாடகத்துக்கு அனுமதி தரவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு வைத்தார்கள். பட்டப்பகலில், ஐந்நூறு பேர் முன்னால் என்ன செய்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைத்தான் அவரும் எதிர்பார்த்திருக்கிறார் என்று பிறகு புரிந்தது. ஐந்நூறு பேர் பார்க்க நடந்தால் அது நாடகத்தில் நடந்த விபத்து. கேஸ்கூடக் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிறைந்துவிட்டது. மஞ்சுமூட்டம் இறங்கி முன்வரிசைக்குப் பின்னால் இருந்தவர்கள் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் இருந்தார்கள். சண்டைக் காட்சியில் நான் தலைப்பாகையோடு வந்தபோது சத்தம் காதைப் பிளந்தது. "ராஜா! ராஜா!" என்று கத்தினார்கள். அது நாடகத்தில் உள்ளதுதான், ஆனால் நடுவே யாரோ "மெம்பரு! மெம்பரு!" என்று ஆரம்பிக்க, எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். விறகறையாக வைத்திருந்த தட்டிக்குப் பின்னால் இவர் குத்த வைத்து உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் பவுடர் இருந்தது, ரத்தம் இல்லை. ஐயோ, இன்றைக்கு நான் செத்தேன் என்று நினைத்தேன்.

முட்டிபோட்டேன். தலைப்பாகையை உருவினார். மூன்று சுற்று. நான் விரலைக் கொடுத்தேன். கட்டைவிரலால் அழுத்தி என் விரல்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளினார்.

"வெற்றி யாருடையது?"

ராணி இரண்டு தரம் பேசாமல் இருக்கவேண்டும். நான் முதல் தரமே "உம்முடையது, உம்முடையது" என்று கத்திவிட்டேன். வசனம் மறந்துவிட்டது என்று கூட்டத்தில் சிரித்தார்கள். துணி இறுகியது.

"நாளைக்குப் போடுவியா?" என்று காதில் கேட்டார்.

போடுகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஓடையாவது தண்ணியாவது, எனக்கு மூச்சு வேண்டும். ஆனால் குரல் வரவில்லை. தலையாட்டப் பார்த்தேன், ஆட்ட முடியவில்லை. நான் சம்மதிக்கிறேன் என்பது அவருக்குத் தெரியவே இல்லை. மாட்டேன் என்கிறேன் என்று நினைத்து மேலும் இழுத்தார். கீழே குலவை ஆரம்பித்துவிட்டது. என் கால் பலகையில் உதைக்கிற சத்தம் எனக்கே கேட்கவில்லை. கண் ஓரமெல்லாம் கருத்துக்கொண்டு வந்தது. முன்வரிசையில் ஒருத்தி குழந்தையைத் தூக்கி எனக்குக் காட்டிக் கும்பிடச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிடியை மாற்ற அவர் ஒரு நொடி தளர்த்தினார். இருந்த மூச்செல்லாம் ஒன்றாக வெளியே வந்தது.

"ஏலே வேல்முருகா! விடுல!"

தலைக்கு மேலே தொங்கிய மைக் அதை மலை முழுக்கச் சொன்னது. குலவை நின்றது.

"ஆத்தா வந்துட்டாடோய்!" என்று ஒரு குரல். மைதானமே எழுந்து நின்று கும்பிட்டது. முதலில் துணியை விட்டவர், முதலில் பலகையில் விழுந்து கும்பிட்டவர் என் வீட்டுக்காரர்தான். அவருடைய ஆனந்தி அப்படிக் கூப்பிடமாட்டாள், அது அவருக்கு நிச்சயம்.

நான் இருமினேன். இருமல் நிற்கவில்லை. அதையும் சாமி உறுமுகிறது என்றார்கள். சூடம் கொளுத்தினார்கள், மஞ்சத்தண்ணியைக் காலில் ஊற்றினார்கள். சூசையப்பன் வாத்தியார் தானும் கையைக் கூப்பி, "சொல்லு தாயி, என்ன கொறை வச்சோம்?" என்று கேட்டார்.

இருமலுக்கு நடுவில் எனக்கு விளங்கிவிட்டது. நான் என்ன சொன்னாலும் நடக்கும். "ஓடைத் தண்ணி எனக்கு வேணும்ல. ஒருத்தனும் தொடப்படாது!" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "சரி ஆத்தா! சரி தாயி!" என்று ஐந்நூறு பேர் கத்தினார்கள்.

அதைக் கேட்டுத்தான் இவர் தலையை நிமிர்த்தினார். ஓடை என்றதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என் கண்ணையே பார்த்தார். முட்டிபோட்டபடியே, உதடு அசையாமல், "ஆத்தா மலையேறட்டும்டி. வீட்டுக்கு வருவேல்லா" என்றார்.

சாமி மலையேறுவதற்குத் திருநீறு கொண்டுவந்தார்கள். பூசாரி தட்டோடு படியேறினார். அந்தச் சாம்பல் நெற்றியில் பட்டால் நான் வெறும் ஆனந்தி. படாமல் தலையைத் திருப்பித் திருப்பி எத்தனை நேரம் ஆடுவது? இன்றைக்குச் சாயங்காலம் வரை ஆடலாம். நாளைக்கு? சாமியாக இருக்கிறவரைக்கும் உயிரோடு இருப்பேன், அப்புறம் அந்த வீட்டுக்குள் கதவைச் சாத்துவார். அவர் பெண்டாட்டிக்கு ஒன்று ஆனால் சாமி அடித்துவிட்டது என்றுகூடச் சொல்வார்கள்.

எட்டி மைக்கைப் பிடித்தேன்.

"நான் ஆத்தா இல்ல. நான் ஆனந்தி. எனக்குச் சாமி வரல. இவரு நெசமாவே என்னைக் கொல்லப் பாத்தாரு. ஓடைக் கடுதாசியில கையெழுத்துப் போடலன்னு ஒரு வாரமா கழுத்த நெரிக்காரு."

கும்பிட்ட கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அதைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை, இனியும் பார்க்க வேண்டாம். ஒரு பெரிய மனுஷர் ஏமாந்த குரலில், "அப்ப ஆத்தா வரவே இல்லியா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர் தெரியாது என்று கையை விரித்தார். என் கழுத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

சோலை அண்ணன் கம்பை ஊன்றிக்கொண்டு மேடை ஓரத்தில் எழுந்தார். "பதினாலு வருசம் நான் இதே கழுத்த நீட்டிருக்கேன்யா. ஒரு கோடு விழுந்ததில்ல. வந்து அந்தப் புள்ள கழுத்தப் பாருங்க" என்றார்.

"ராணிக்கு ராணி சப்போட்டா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். ஆம்பளைகள் சிரித்தார்கள். சோலை அண்ணன் முகம் சுருங்கிப்போனது, ஆனால் உட்காரவில்லை.

சாமி இல்லை என்றதும் என் வீட்டுக்காரருக்குப் பயம் தெளிந்துவிட்டது. எழுந்தார். முட்டியில் ஒட்டிய மஞ்சளைத் தட்டிவிட்டார். ராஜா உடுப்பிலேயே கூட்டத்தைப் பார்த்துச் சிரித்து, "கேட்டீங்கல்ல, அவளே சொல்லிட்டா. மேடையேறுனதும் கொஞ்சம் பதறிட்டா, நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க அடுத்த சீனப் பாருங்க" என்றார். சூசையப்பன் வாத்தியார் என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு ஆர்மோனியத்துக்குப் போனார். சிலர் துண்டை உதறித் தோளில் போட்டார்கள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அவர் என் முழங்கையைப் பிடித்தார். மெதுவாகத்தான் பிடித்தார். நான் எழுந்திருக்க முயன்று, கால் வராமல் அங்கேயே உட்கார்ந்தேன்.

மேடைப் பலகை கிரீச்சிட்டது. ராமுத்தாய் அக்கா படியில் ஏறிக்கொண்டிருந்தாள். வேஷம் கட்டாத பொம்பளை அந்த மேடையில் ஏறக்கூடாது. "ஏய், எறங்கு!" என்று கமிட்டிக்காரர்கள் கத்தினார்கள். அவள் காதிலேயே வாங்கவில்லை. நேரே வந்து என் முடியை ஒதுக்கிக் கழுத்தைப் பார்த்தாள். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரலால் ஒரு இடத்தைத் தொட்டாள். நான் கத்திவிட்டேன்.

அவள் கீழே திரும்பி, "ஏட்டி, வாங்கட்டி" என்றாள்.

ஒருத்தி எழுந்தாள். அவள் புருஷன் முந்தானையைப் பிடித்து இழுத்தான், உருவிக்கொண்டு வந்தாள். அப்புறம் இரண்டு பேர், அப்புறம் நாலு பேர். என்னோடு ஒரே மலையில் கொழுந்து பறித்தவர்கள். பலகை உடைந்துவிடும்போல இருந்தது. அவருக்கும் எனக்கும் நடுவே வந்து வந்து நின்றார்கள். முழங்கையில் இருந்த கை எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை.

"வழிய விடுங்க" என்றார் அவர். "இது குடும்ப விசயம். அவ என் பொண்டாட்டி."

"எங்க மெம்பருடா அது" என்றாள் ராமுத்தாய் அக்கா. "சோலையண்ணே, ஒங்க தம்பிய ஜீப்பெடுக்கச் சொல்லுங்க. ஸ்டேஷனுக்குப் போவணும்."

இரண்டு பேர் என்னைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். நான் அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தேன்.